எந்த ஸ்கூல் நீங்க?

செப்டம்பர் 9, திங்கள்

இன்று முதல் எனக்கென்று ஒரு ரூட் கிடையாது. இருபத்தேழு வருடம் ஹாலி ஹில்ஸில் அதே நானூறு சொச்சம் கதவுகளுக்குக் கடிதம் போட்டேன். அதை மூன்றாகப் பிய்த்துப் பக்கத்து ரூட்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இனி நான் மாற்றாள். யார் லீவோ அவருடைய பையை நான் தூக்க வேண்டும், செயின்ட் லூயிஸின் எந்த மூலையாக இருந்தாலும் சரி. சூப்பர்வைசர் டிவைட் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தான். “ஊரச் சுத்திப் பாத்த மாதிரி இருக்கும், மிஸ் வில்மா” என்றான். ஐம்பத்தொன்பது வயதில், வீங்கின முழங்காலோடு, யார் கேட்டார்கள் ஊர் சுற்ற?

முதல் நாளே ‘ஹில்’. இத்தாலியர் பேட்டை. தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்குக்கூட அவர்கள் கொடிபோலப் பச்சை, வெள்ளை, சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு புல்லில் ஒரு மாதா சிலை. குவால்டோனி என்று ஒரு கிழவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்கவில்லை. “எந்த ஹைஸ்கூல் நீங்க?” என்றுதான் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னேன். அப்படியானால் தெற்குப் பக்கம், ஜெர்மன் வம்சம், கத்தோலிக்கர், அப்பாவுக்கு பீர் ஆலையா ஷூ ஆலையா என்றார். ஷூ என்றேன். அரை நிமிடத்தில் என் ஜாதகமே அவர் கையில். திருப்தியாகத் தலையாட்டி இரண்டு தக்காளி பறித்துக் கொடுத்தார்.

வந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தக்காளி நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

சூலார்ட். தெருவெல்லாம் பீர் ஆலையின் அவித்த தானிய வாசனை. செங்கல் நடைபாதையில் ஒரு கல்கூட நேராக இல்லை. பாதி வீடுகளுக்கு வாசல் பக்கவாட்டில், ஒரு ஆள் நுழையும் சந்துக்குள். பத்தொன்பது முறை தவறான கதவு. போதும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

லஃபாயெட் ஸ்குவேர். கேக்குக்கு வர்ணம் பூசினதுபோல வீடுகள், இரும்பு வேலி, ஒவ்வொரு வாசலுக்கும் பதினான்கு படி. யார் இவர்களைப் பதினான்கு படி கட்டச் சொன்னது? நாய்களெல்லாம் உயர்ந்த ஜாதி. குலைக்கக்கூட இல்லை, என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

செப்டம்பர் 20, வெள்ளி

டெல்மார் சாலைக்கு வடக்கே இன்றுதான் முதல்முறையாக நடந்தேன். தெற்கே எங்களைப் போன்ற வெள்ளையர், வடக்கே கறுப்பினத்தவர், அந்தச் சாலைதான் ஊரைப் பிரிக்கும் கோடு. இந்த ஊரிலேயே பிறந்தவள். வடக்கே காரில் போயிருக்கிறேன், ஜன்னலை ஏற்றிவிட்டு. நடந்ததில்லை.

ஓல்ட் நார்த். வரிசையில் நாலு வீடு, அப்புறம் புல், அப்புறம் ஒரு வீடு, அப்புறம் மறுபடி புல். காலி வீட்டுச் சுவரையே செங்கல் செங்கலாக உருவி விற்றுவிடுகிறார்களாம். கடிதம் கொஞ்சம், நடை அதிகம். ஒரு அம்மாள் தன் படியில் இடம் விட்டு நகர்ந்து, உட்காரச் சொன்னாள். சட்டத்தில் இடமில்லை. உட்கார்ந்தேன்.

மாலை தபால் நிலையத்தில் லூசிலிடம் சொன்னேன். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள், வடக்குப் பக்கத்துக் கறுப்பினப் பெண். மதியச் சாப்பாடு இருபது வருடமாக ஒன்றாகத்தான், அவள் வீட்டுக்கு மட்டும் நான் போனதில்லை. அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “பஸ்ல நாப்பது நிமிஷம், வில்மா. நீ அம்பத்தொம்பது வருஷம் எடுத்துக்கிட்ட” என்றாள்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

மெதுவாக எழுத வேண்டும்.

பென்ரோஸ் ரூட். இதுவும் வடக்குதான். காலையில் நின்றுகொண்டு கடிதங்களை அடுக்கில் பிரித்துக்கொண்டிருந்தேன். பெயரை நான் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பேன். கண் பார்க்கும், கை போடும். இன்று கை போடவில்லை. கிரெட்சன் ஆட்கின்ஸ் என்று இருந்தது.

என் மகள், ஆட்கின்ஸ் அவள் புருஷன் பெயர். ஏழு வருடமாகச் சிகாகோவிலோ எங்கேயோ இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. என் வீட்டிலிருந்து ஒன்பது மைலில் இருக்கிறாள்.

அதே எண்ணுக்கு இன்னொன்று வந்திருந்தது. குழந்தைகள் பத்திரிகை, அட்டையில் ஒரு ஆந்தை. ஒட்டியிருந்த சீட்டில் கார்லா ஆட்கின்ஸ் என்று இருந்தது.

கார்லா. என் வீட்டுக்காரர் கார்லின் பெயர். கார்ல் போய் ஐந்தரை வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, என்னோடு பேசாமலே போனாள் கிரெட்சன். பிப்ரவரி, எல்லாரும் பெரிய கோட்டில். அந்தக் கோட்டுக்குள் ஒரு குழந்தை இருந்திருக்கிறது. அவளைப் பெற்ற எனக்கு அது தெரியவில்லை. பேத்தி இருக்கிறாள் என்று ஒரு பத்திரிகைச் சீட்டு எனக்குச் சொல்கிறது.

வீடு என் வீடு மாதிரியே இருந்தது. அதே சிவப்புச் செங்கல், அதே வளைவு, அதே காலத்து ஜெர்மன் கொத்தனார்கள் கட்டியது. கதவில் தபால் போடும் பிளவு. போட்டேன். உள்ளே சின்னக் கால்கள் தடதடவென்று ஓடிவந்தன. பத்திரிகையை யாரோ அந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள். நான் படியிறங்கிவிட்டேன். இன்னும் இருநூறு வீடு பாக்கி இருந்தது. எல்லாம் சரியாகப் போட்டேனா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

தூங்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதிப் பார்க்கிறேன். இதுவரை எழுதினதில்லை.

கிரெட்சன் டெஸ்மண்டைச் சாப்பிடக் கூட்டி வந்தாள். பன்றித் தோள்கறி வாட்டியிருந்தேன், கார்ல் பீர் ஊற்றினார். கறுப்பினப் பையன் என்று முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நானும் சொல்லியிருந்தேன். உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டேன், எந்த ஹைஸ்கூல் என்று. பாதிரியார்களின் பள்ளியைச் சொன்னான். கார்ல் படித்த அதே பள்ளி. கார்ல் எழுந்து கை குலுக்கினார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால்?

பாஸ்கெட்பால் ஆடத்தான் அங்கே சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன். இல்லை, லத்தீன் பரிசு வாங்கினேன் என்றான். அதற்கு முன்னால் எந்தப் பள்ளி என்றேன். சொன்னான். எந்தச் சர்ச், எந்தப் பங்கு? சொன்னான். எந்தத் தெரு, எந்தக் குறுக்குத் தெரு? அவனை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும்வரை விடவில்லை நான். கடிதம் பிரிக்கிற புத்தி. கடைசியில் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கோபமே இல்லை குரலில்.

“மேடம், நான் எங்கேருந்து வந்தேன்னு தெரியணுமா? இல்ல, என்னை எங்க நிறுத்தணும்னு தெரியணுமா?”

சமையலறையில் கிரெட்சன் தட்டுகளைப் போட்ட வேகத்தில் ஒன்று உடைந்தது. ஊரே கேட்கிறதைத்தானே கேட்டேன் என்றேன். “ஊர் கேட்டுட்டு காபி ஊத்தும், மா. நீ கேட்டுட்டுக் கதவப் பாத்த” என்றாள்.

பார்த்தேனா? பார்த்திருப்பேன்.

அக்டோபர் 3, வியாழன்

கரோண்டலெட். ஊரின் தெற்குக் கோடி, ஆற்றில் சரக்குப் படகுகள், கல் வீடுகள். என் ஆட்கள் மாதிரிதான் எல்லாரும். ஒரு அம்மாள் ஐஸ் டீ கொண்டுவந்து நீட்டும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, வடக்குப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

“ஓ. அங்கயா? நீங்களா?” என்றாள். கை நீட்டியபடியே நின்றது, டம்ளர் என்னிடம் வரவில்லை. அப்பா அங்கே வேலை பார்த்தாரா, எந்தப் பங்கு, அம்மா எந்தப் பக்கம் என்று அடுக்கினாள். எனக்குச் சாதகமான பதில் எதையாவது தேடிப் பாவம் அவளே கஷ்டப்பட்டாள். நல்ல மனுஷி. நானும் நல்ல மனுஷிதான், அன்றைக்கு.

டீ குடிக்காமல் வந்துவிட்டேன். நாள் முழுக்கத் தாகம்.

அக்டோபர் 6, ஞாயிறு

மீதியையும் எழுதிவிடு வில்மா. எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போகாது.

ஆறு மாதம் கழித்துக் கல்யாண அழைப்பு வந்தது. கிரீம் நிற உறை, கிரெட்சனின் கையெழுத்து, அப்பா பெயர் முதலில், என் பெயர் அடுத்து. நான் பிரிக்கவில்லை. வேறொரு தாயாக இருந்தால் அழுதிருப்பாள், கிழித்திருப்பாள், அலமாரியில் ஒளித்திருப்பாள். நான் தபால்காரி. உறையின் மேல் ‘வாங்க மறுப்பு’ என்று என் கைப்பட எழுதி, தேதி போட்டு, நிலையத்தில் திருப்பி அனுப்பும் தட்டில் வைத்தேன். சட்டப்படி எல்லாம் சரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

கார்லிடம் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். தபால் வந்ததா, தபால் வந்ததா என்று என்னிடமே கேட்டார், வேறு யாரிடம் கேட்பார்? வரலைங்க, வரலைங்கன்னு சொன்னேன். எத்தனை தடவ சொன்னேன். மகள் தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார் அந்த மனுஷன். அவள், அப்பாவும் சேர்ந்துதான் திருப்பி அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரிசையில் நின்றாள். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்திதான். நான் மட்டும்தான்.

அப்படியிருந்தும் குழந்தைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

லூசிலிடம் எல்லாம் சொன்னேன், வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டே. பள்ளிக் கேள்வியைச் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை, அது எனக்கு வலித்தது. உறையைச் சொன்னபோது மட்டும் கையிலிருந்த சிகரெட்டை அணைத்தாள்.

வேலையில் பார்த்த விலாசத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சீருடையில் கதவைத் தட்டக் கூடாது, அதனால்தான் யோசிக்கிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏழு வருஷமா விலாசம் தெரியாமத்தான் போகலையா நீ? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டே நாள்ல சொல்லிருப்பேன். எங்க பக்கம் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்டி. நீதான் கேக்கல.”

அவள் கார் கதவைத் திறந்து, வீடுவரைக்கும் கொண்டுவிடுகிறேன் ஏறு என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

பென்ரோஸ் மறுபடி. டிவைட் பட்டியலை வாசித்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மூன்றாவது படியில் இருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. டெஸ்மண்ட். காதோரம் நரைத்திருக்கிறான், தோளில் பாத்திரம் துடைக்கும் துணி. முதலில் பையைப் பார்த்தான், பிறகு என்னை. கடிதங்களை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். கதவைச் சாத்துவான் என்று நின்றேன். சாத்தவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை.

கிரெட்சன் வேலைக்குப் போயிருக்கிறாள், குழந்தை பள்ளியில் என்றான். நீங்கள் வந்ததைச் சொல்லட்டுமா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றான். நான், கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

“எழுதுங்க. இந்த வீட்டுக்கு வர்ற கடுதாசிய நாங்க பிரிச்சுப் படிப்போம்.”

அதை அவன் குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றும் இன்றும் இதே வேலை. பதினோரு தாள் கிழித்தாயிற்று. முதல் தாளில் என் முழங்காலைப் பற்றி அரைப் பக்கம். இரக்கம் தேடியிருக்கிறேன், வெட்கம். மூன்றாவதில் அந்தக் காலம் அப்படி என்று எழுதியிருக்கிறேன். ஏழு வருடம் ஒரு காலமா? ஆறாவதில் டெஸ்மண்ட் நல்ல பையன் என்று எழுதினேன், அதைப் படித்துப் பார்த்தபோது அவனுக்கு நான் மதிப்பெண் போடுவதுபோல இருந்தது.

கடைசியில் இவ்வளவுதான் நின்றது:

“கிரெட்சன், உன் கல்யாண அழைப்பைத் திருப்பி அனுப்பினது நான். உன் அப்பாவுக்கு அது வந்ததே தெரியாது. சாகும்வரை தெரியாது. தெரிந்திருந்தால் முதல் ஆளாக வந்திருப்பார். டெஸ்மண்டிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அவனிடமே. நீ பதில் எழுத வேண்டியதில்லை. அம்மா.”

அம்மா என்று போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். வில்மா என்று போட்டால் இன்னும் கேவலமாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

அரசு விடுமுறை. நிலையத்தில் கொடுக்காமல், மற்றவர்களைப் போல தெருமூலையில் இருக்கும் நீலத் தபால் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு மூடியைத் திறந்து விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். ஜனங்கள் இப்படிப் பார்ப்பதைக் கண்டு எத்தனை முறை சிரித்திருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

ஒன்றுமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

டச்டவுன். நாலு கதவு ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள், எந்தக் கதவு மாடிக்கு எந்தக் கதவு கீழுக்கு என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஒரு வீட்டில் போஸ்னியாக்காரர் காபி கொடுத்தார், பள்ளியைக் கேட்கவில்லை, கால் வலிக்கிறதா என்று கேட்டார். வழியெல்லாம் அழுதேன். வயசாகிறது.

பென்ரோஸுக்கு ரூட்காரர் திரும்பிவிட்டார். இனி அங்கே எனக்கு வேலையில்லை. என் கடிதம் திரும்பி வரவில்லை. அதன் அர்த்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான். அதற்கு மேல் அர்த்தம் எடுக்கக் கூடாது என்று இருபத்தேழு வருட அனுபவம் சொல்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். காலையில் மழை, மதியம் அதிலேயே கொஞ்சம் பனி. இவ்வளவு குளிரில் எந்தக் குழந்தை வரும் என்று நினைத்தேன். ஆனாலும் மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், கம்பளியை முழங்காலில் சுற்றிக்கொண்டு. ஆறு மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். இங்கே ஜோக் சொல்லாத குழந்தைக்கு மிட்டாய் கிடையாது. முப்பதும் மட்ட ஜோக். பாதிக் குழந்தைகள் முடிவை மறந்துவிட்டார்கள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு தேனீ வந்தது. இறக்கைக்கு மேலே கோட்டு, அதற்கு மேலே மஞ்சள் கறுப்புத் தொப்பி. படி ஏறும்போது உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, பாடம் ஒப்பிக்க வருவதுபோல. எனக்கு எதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“எலும்புக்கூடு ஏன் கல்யாணத்துக்கு வரல?”

ஏன் என்று கேட்க வேண்டும். அதுதான் வழக்கம். நான் கேட்கவில்லை. நடைபாதையைப் பார்த்தேன். விளக்குக்கு அடியில், வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு கிரெட்சன் நின்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நிற்பாள். அவளுக்குப் பின்னால் காரின் பக்கத்தில் டெஸ்மண்ட்.

“நீங்க ஏன்னு கேக்கணும்” என்றது தேனீ.

“ஏன்?”

“உடம்பு சரியில்லையாம்.” அவளே சிரித்து, நான் விழிப்பதைப் பார்த்து விளக்கமும் சொன்னாள். எலும்புக்கூட்டுக்குத்தான் உடம்பே கிடையாதே, பொய் சொல்லிவிட்டது. இந்த ஜோக் இந்த வீட்டுக்கு மட்டும்தான் என்று அம்மா சொன்னாளாம், காரில் வரும்போது எட்டு தடவை சொல்லிப் பார்த்தாளாம்.

சிரித்தேன். சிரிப்பென்றுதான் நினைக்கிறேன், என்னிடமிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்து கிரெட்சனைப் பார்க்கும் தைரியம் அப்போதுதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. கிண்ணத்தை அப்படியே குழந்தையிடம் நீட்டினேன். அவள் கவனமாக ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டாள், ஒரு ஜோக்குக்கு ஒன்றுதான் என்று எனக்கே சட்டம் சொன்னாள். இன்னொன்று வேண்டுமானால் இன்னொரு ஜோக் சொல்ல வேண்டும்.

சொல்லேன் என்றேன். அவள் திரும்பி நடைபாதையைப் பார்த்துக் கத்தினாள்.

“அம்மா, இவங்களுக்குச் சொல்ல வேற ஜோக் இருக்கா?”

கிரெட்சன் மேலே வைத்திருந்த காலைக் கீழே ஊன்றினாள்.

“நிறைய இருக்கு” என்றாள். “இன்னிக்கு ஒண்ணு போதும்.”